சனிக்காரச் சிமியோன்

என் அத்தான் சிமியோனைப் போல ஒரு மொக்கனை எங்கள் கரை கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. என் சொந்த அக்கா சின்னத்தங்கத்தைக் கட்டியவர் அவர். எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்த கலியாணம் அது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த மனுசன் செய்த விசர்வேலை ஒன்றும் எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. ஊரில் அவருக்குச் சனிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

எங்கள் கரை மயிலிட்டிக்குக் கிழக்கே இருக்கிறது. எல்லாரும் கத்தோலிக்கர், எல்லாரும் கடல் தொழில். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் உடுத்த உடுப்போடு ஓடினோம். இருபத்தேழு வருடம் முகாமில் தகரக் கொட்டிலில் கிடந்தோம். ஆமிக்காரர் பிடித்து வைத்திருந்த காணியை விட்டபிறகு திரும்பி வந்து பார்த்தால் வீடுகளுக்குக் கூரை இல்லை, கோயிலுக்குக் கதவு இல்லை, கிணறுகளுக்குள் மரம் முளைத்திருந்தது. ஆனாலும் கடற்றொழிலாளர் சங்கத்தை மட்டும் ஒரே மாதத்தில் கூட்டிவிட்டோம். தலைவர் பத்திநாதர், செயலாளர் நான். கொலின்ஸுக்குக் கையெழுத்து வடிவு என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். வேறு தகுதி அப்போதும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

சங்கத்தின் சட்டங்களில் ஒன்று எங்கள் பாட்டன்மார் காலத்துச் சட்டம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்துவிட்டால், ஞாயிறு மாலை மணி அடிக்கும்வரை இந்தக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது. மணிக்கு முன்னம் போட்ட வலை கடலில் கிடந்தால் கிடக்கட்டும், அதில் குற்றமில்லை. மனுசன் இறங்கினால்தான் குற்றம். மீறினால் சங்கத்திலிருந்து நீக்கும் அளவுக்குப் போகலாம். நீக்கினால் இந்தக் கரையில் வள்ளம் விட இடமில்லை, மானிய மண்ணெண்ணெய் இல்லை, ஒன்றுமில்லை. சட்டப் புத்தகத்தில் அதை வடிவான எழுத்தில் எழுதி வைத்தவனும் நான்தான்.

சிமியோன் அத்தான் கடலில் கெட்டிக்காரன். அதை நான் மறுக்க மாட்டேன். காற்று திரும்பப் போகிறது என்று அவர் சொன்னால் திரும்பும். கரைக்கு வந்துவிட்டால் வாய் திறக்கமாட்டார். முகாமில் இருந்த காலத்தில் தொழில் இல்லாத நாட்கள் அதிகம். மற்ற ஆம்பிளைகள் சீட்டு விளையாடினார்கள், குடித்தார்கள், மனுசிமாருக்கு அடித்தார்கள். இந்த மனுசன் வேதாகமத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது. அங்கேதான் பிழை தொடங்கியது. ஒரு கத்தோலிக்கன் வேதாகமத்தை மேசையில் வைத்துப் பூப்போட வேண்டும், பெரிய வெள்ளிக்கு வாசிப்பதைக் கேட்க வேண்டும். முதல் பக்கத்திலிருந்து வாசித்தால் இப்படித்தான் முடியும்.

ஏழாம் நாள் ஓய்வுநாள் என்ற இடத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு நாட்களை எண்ணியிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் சனி வருகிறது. நேரே போய் அப்போது பூசை வைக்க வந்த சுவாமியிடம், ஏழாம் நாள் எது என்று கேட்டார். சுவாமிக்கு அன்று இன்னும் இரண்டு முகாமில் பூசை. தோளில் தட்டி, "எல்லா நாளும் ஆண்டவரின்ரை நாள்தான், போய் வேலையைப் பாரும்" என்று சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டார். அடுத்த கிழமை கோப்பாயிலிருந்து பாஸ்டர் சுபாஸ் வந்தார். அதே கேள்விக்கு அவர் இரண்டு மணித்தியாலம் பதில் சொன்னார். அவ்வளவுதான் அத்தான் மனம் மாறிய கதை. அரிசிக்குப் போனான், சைக்கிளுக்குப் போனான் என்று ஊரில் கதைத்தார்கள். அதெல்லாம் பொய். அரிசிக்குப் போயிருந்தால் நான் மதித்திருப்பேன்.

பாஸ்டர் சுபாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்பாயில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சனிதோறும் கூட்டம் வைக்கிற ஆள். வெயிலிலும் கோட்டுப் போடுவார். ஒருமுறை "சனியா ஞாயிறா" என்று பெரிய எழுத்தில் பனர் கட்டி விவாதம் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக்கு ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் போனார். நான் றோல்ஸும் தேத்தண்ணியும் தருவார்கள் என்று போனேன். பாஸ்டர் திரையில் படம் காட்டினார். நாளை மாற்றியது யார், எந்த உரோம ராசா, எந்த வருடம், எந்தப் பாப்பரசர். மாஸ்ரர் எழும்பி, உயிர்த்தது எந்த நாள், சீடர்கள் கூடியது எந்த நாள், அப்பம் பிட்டது எந்த நாள் என்று அடுக்கினார். மூன்று மணித்தியாலம் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னம் செத்த ராசாவை இழுத்து வந்து கோப்பாயில் வைத்து விசாரணை. சீ, என்ன விண்ணாணம்! அந்த மண்டபத்தில் இருந்த இருநூறு பேரில் பாதிப்பேருக்குக் காணி உறுதி இல்லை, மீதிப்பேருக்குப் பிள்ளை எங்கே என்று தெரியாது. அவர்களுக்கு யாராவது ஒரு பதில் சொன்னார்களா? றோல்ஸும் ஆறிப் போயிருந்தது.

அத்தான் முன்வாங்கிலில் இருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது.

சரி, சனிக்கிழமை கும்பிடு. யார் வேண்டாம் என்றது? ஆனால் கடல் தொழில் செய்கிறவனுக்கு ஒரு கிழமையில் எத்தனை நாள் இருக்கிறது? திங்கள், புதன், சனி மூன்று நாளும் இந்திய றோலர்கள், அந்தப் பெரிய இழுவைப் படகுகள், வரும். வந்தால் வலை போட்டவன் வெறும் கயிற்றைத்தான் இழுப்பான், அதனால் அந்த நாட்களில் புத்தியுள்ளவன் வலை போடான். வெள்ளிக்கிழமை சைவக்காரர் மச்சம் தின்னமாட்டார்கள், மீன் விலைப்படாது. ஞாயிறு சங்கச் சட்டம். ஆக மற்றவனுக்கே செவ்வாய், வியாழன், வெள்ளி பின்னேரம் போட்டுச் சனி விடிய எடுப்பது என்று இடுக்கு வழிதான் இருக்கிறது. அத்தான் அதிலே வெள்ளி பின்னேரம் சூரியன் விழுந்தது தொடக்கம் சனி சூரியன் விழும்வரை தனக்கென்று ஒரு பூட்டைப் போட்டார். கையில் மிஞ்சியது செவ்வாயும் வியாழனும். எங்களிடம் நண்டு விலைக்கு எடுக்கிற சோமசேகரம் புத்தூர் ஆள், சைவக்காரர். அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார், உங்கடை கடவுள் இந்த ஆளுக்கு ஒரு கலண்டர் வாங்கிக் குடுக்கமாட்டாரோ என்று. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு எல்லாருக்கும் போய்ச் சொன்னேன்.

இன்னும் ஒரு கூத்து இருக்கிறது. வெள்ளி பின்னேரம் நண்டு வலையைப் போட்டுவிட்டு சனிக்கிழமை முழுதும் கும்பிட்டுக்கொண்டிருந்தால், வலை வேலை செய்கிறதுதானே, அது பாவமா என்று அத்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் மாடும் வேலை செய்யக் கூடாது, வேலைக்காரனும் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறதாம். வலை மாடா, வேலைக்காரனா? பாஸ்டர் ஒரு கிழமை யோசித்துவிட்டு, எடுத்துவிடுவது நல்லது என்றார். அன்றிலிருந்து வெள்ளி மத்தியானமே வலையை எடுத்துவிடுவார். நைலோன் வலைக்கும் ஓய்வுநாள் கொடுத்த மனுசன் இந்த யாழ்ப்பாணத்தில் அவர் ஒருவர்தான்.

ஆனால் ஒன்று. எங்கள் ஞாயிற்றுச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை. சனி தன்னுடைய வேதத்துக்கு, ஞாயிறு எங்களுடைய சங்கத்துக்கு என்று இரண்டு நாளும் வள்ளத்தை மணலில் இழுத்து விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். சும்மா இருக்கிற அந்த இரண்டு நாளும் அக்காதான் அடுப்பைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையே சனிக்கும் சேர்த்துச் சமைப்பார். ஞாயிறு முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்கு வருவார். அக்கா மாறவில்லை. பாஸ்டர் எத்தனையோ தரம் வீட்டுக்கு வந்து கேட்டும், எனக்கு ஞானஸ்நானம் தந்த கோயிலே காணும், வேறு வேண்டாம் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். அத்தானும் வற்புறுத்தவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஓய்வுநாள், ஒரு சண்டை இல்லை. சண்டை எல்லாம் வெளியேதான்.

வெளியே சண்டை தொடங்கியது நாலாம் கட்டளையில். தலைவர் பத்திநாதர் ஒருநாள் கரையில் எல்லாருக்கும் முன்னால் அத்தானை நக்கலடித்தார். சனியன் பிடித்தவன்தான் சனியைப் பிடிப்பான் என்று ஏதோ சொன்னார். அத்தான் அபூர்வமாக வாய் திறந்தார்.

"நான் உங்களை ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. ஆனா நாலாம் கட்டளையை மீறுறது நீங்கள்தான். அதை ஆண்டவர் கேப்பார்."

பத்திநாதருக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் ஏன் கறுத்தார் என்று அத்தானுக்கு விளங்கவே இல்லை. விளங்கியவன் நான் ஒருவன்தான். சனிக்காரருடைய எண்ணிக்கையில் ஓய்வுநாள் நாலாம் கட்டளை. எங்களுடைய எண்ணிக்கையில் அது மூன்றாவது. எங்கள் நாலாம் கட்டளை, தாய் தகப்பனைச் சங்கித்திருப்பாயாக, அதாவது மதித்து நட. பத்திநாதர் தன்னுடைய தகப்பனை அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னம்தான் வயோதிபர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார். கிழவன் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று ஊரெல்லாம் கதை. அந்த நேரம் பார்த்து அத்தான் எல்லாருக்கும் முன்னால் நாலாம் கட்டளை என்கிறார்! அவர் சொன்னது ஓய்வுநாளை, இவர் காதில் விழுந்தது தகப்பனை. கோதாரி, ஒரே வேதத்தின் பத்துக் கட்டளையைக்கூட ஒரே மாதிரி எண்ணத் தெரியாத சனங்கள் நாளுக்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். கோப்பாய் விவாதத்தில் கேட்டு எனக்கு அந்த எண்ணிக்கை தெரியும். நான் சொல்லவில்லை. பத்திநாதரின் முகம் போன போக்கு பார்க்க நன்றாக இருந்தது. அவரையும் எனக்குப் பிடிக்காது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காலையில் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அக்கரையில் றோலர்காரர் வேலைநிறுத்தம், இன்றைக்கு றோலர் ஒன்றும் வராது என்று. யார் அனுப்பினது, எங்கே இருந்து வந்தது, ஒன்றும் தெரியாது. எனக்கு வந்ததை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. மற்றவன் வலை போடாத நாளில் நான் மட்டும் போட்டால் நண்டெல்லாம் எனக்குத்தானே. அந்த வருடம் வாங்கிய புது வலை முப்பதையும் ஏற்றிக்கொண்டு போய் மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டுவிட்டு வந்தேன். ஞாயிறு மாலை மணிக்குப் பிறகு எடுக்கலாம் என்று கணக்கு. சட்டப்படி சரி.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. நான் கரையில் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வடக்கே கடலில் வெளிச்சம். ஒன்று, பிறகு மூன்று, பிறகு வரிசையாக. றோலர்கள். வேலைநிறுத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நேரே என் வலை கிடக்கிற பக்கமாக வந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் முப்பது வலையும் தும்பு. ஆனால் மணி அடித்தாயிற்று. செயலாளர் வள்ளம் இறக்க முடியுமா? பத்திநாதர் என்னை உரித்துவிடுவார்.

அத்தான் தன் வள்ளத்தில் சாய்ந்துகொண்டு மணலில் இருந்தார். சனிக்கிழமைகளில் ஓய்வுநாள் முடியுமட்டும் அங்கே இருந்து வாசிப்பதுதான் அவருடைய வழக்கம். முடிகிற நேரத்துக்கு அக்கா சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு வருவார். அன்றைக்கும் வந்திருந்தார், செபமாலைக்குப் போகிற முக்காட்டோடு. நான் அவர்களிடம் போனேன். போ என்று நான் சொல்லவில்லை. என்னுடைய கெட்டித்தனத்தைப் பாருங்கள், நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அத்தான், உங்கடை ஓய்வுநாள் முடிஞ்சுதோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடலில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். என்னுடைய மஞ்சள் பிளாஸ்டிக் கான் மிதப்புகள் எங்கே கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியும், நான் போட்டுவிட்டு வந்ததைப் பார்த்தவர். கடைசியாக மேற்கே காங்கேசன்துறைப் பக்கம் திரும்பிச் சூரியனைப் பார்த்தார். அது இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"இன்னும் இல்லைத் தம்பி. கொஞ்சம் பொறு."

மணிக்கும் சூரியனுக்கும் இடையில் அன்றைக்குக் கால் மணித்தியாலம் இருந்தது. என்னுடைய ஞாயிறு தொடங்கிவிட்டது, அவருடைய சனி முடியவில்லை. இந்த உலகத்தில் அந்தக் கால் மணித்தியாலம் அந்தக் கரையில் ஒருவருமே கடலில் இறங்க முடியாது. றோலர்காரனுக்குத்தான் எல்லா நேரமும் திறந்து கிடந்தது. நான் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மணலை உதைத்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசனோ தேத்தண்ணியும் குடிக்காமல் போத்தலை மூடி வைத்துவிட்டு, ஆற அமரச் சூரியனின் கடைசி நுனி போகும்வரை பார்த்துக்கொண்டு இருந்தது. போனபிறகாவது எழும்பினாரா? முழங்காலில் நின்று ஒரு செபம் வேறு. எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

செபம் முடிய எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டினார். வள்ளம் மணலில் மேலே இழுத்து விட்டிருந்தது. எஞ்சினோடு தண்ணீருக்குள் தள்ள இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். அத்தான் பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. இன்னொருமுறை தள்ளினார். அறுபது வயது மனுசன், மூச்சு வாங்கியது. நான் ஐந்து அடி தள்ளி நின்றேன். என்னுடைய இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன. ஞாயிறு தொடங்கிவிட்டது, வள்ளத்தில் கை வைத்தால் நானும் குற்றவாளி. அதுவும் என்னுடைய வலைக்காக.

அத்தான் என்னைக் கூப்பிடவில்லை. அக்காதான் என்னை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய் மற்றப் பக்கம் தோளைக் கொடுத்தார். இரண்டு பேரும் சறுக்கி, விழுந்து, எழும்பி, ஒரு மாதிரி வள்ளத்தைத் தண்ணிக்குள் இறக்கினார்கள். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் ஊர் முழுதும் கேட்டிருக்கும், சனி பின்னேரத்தில் வேறு எஞ்சின் ஏது? அக்கா நனைந்த சீலையோடு நேரே கோயிலுக்குப் போனார். நான் வீட்டுக்குப் போனேன். மனுசி ஜெசிதாவையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு முழங்காலில் இருத்திச் செபமாலை தொடங்கினேன். முடிய முடியத் திரும்பத் தொடங்கி, நாலாந்தரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசல் படலையடியில் தொப்பென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் வலைகள் குவிந்து கிடந்தன. இருபத்தாறு. நாலுதான் போயிருந்தது. நண்டு உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது. அத்தான் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். இருட்டில் அவசரமாகக் கயிறு இழுத்து உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்ததாம். அதைப் பிறகு ஜெசிதாதான் சொன்னாள்.

அடுத்தநாள் பூசை முடிந்த கையோடு பத்திநாதர் அவசரக் கூட்டம் வைத்தார். சங்கக் கட்டிடம் நிறைந்துவிட்டது. இடமில்லாமல் யன்னலடியில் பெண்கள் நின்றார்கள், அக்காவும் நின்றார். அத்தான் முன்னால் நின்றார், கையில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பத்திநாதர் தொடங்கினார். எட்டு வருடத்தில் ஒருவன்கூட மீறாத சட்டத்தை ஒரு சனிக்காரன் வந்து மீறுவதா, இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கோயில் எதற்கு, மணி எதற்கு என்று கேட்டார். நாலாம் கட்டளையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாயைப் பார்க்க எனக்கு அதுதான் கேட்டது. கூட்டத்தில் ஒருவர் எழும்பி, கொலின்ஸின் வலையைத்தானே எடுத்துக் கொடுத்தவர், களவெடுக்கப் போகவில்லையே என்றார். என் வேலியில் வலை காய்வதை எல்லாரும் கண்டிருந்தார்கள். பத்திநாதர் அத்தானிடம் திரும்பினார்.

"உன்னை ஆர் போகச் சொன்னது?"

அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அது பொய்யில்லை. நான் போகச் சொல்லவில்லைத்தானே. அந்தக் கேள்வியை நான் எப்படிக் கேட்டேன் என்று அவர் யோசித்து வைத்திருக்கிறார். நான் தப்ப வைத்திருந்த ஓட்டையை எனக்காக அவர் திறந்துவிட்டார்.

பத்திநாதர் என்னைக் கேட்டார். "செயலாளர், நீர் கரையிலை நிண்டனீராம். உம்மடை வலை. நீர் என்ன செய்தனீர்?"

"நிண்டனான். மணி அடிச்சிட்டுது எண்டபடியா வள்ளத்திலை நான் கை வைக்கேல்லை."

கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கை தட்டினார்கள். சொந்த வலை போகட்டும் என்று ஆண்டவரின் நாளைக் காத்த மனுசன் என்று பத்திநாதர் என்னைக் காட்டிச் சொன்னார். இவனல்லோ வேதக்காரன் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதற்குள்ளும் ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீக்குவதற்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். செயலாளர் கை உயர்த்துவதில்லை, எண்ணுவதுதான் வேலை. நாற்பத்தொன்று என்று எண்ணி வடிவாக எழுதினேன். அத்தான் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். நான் வீட்டுக்கு வர ஜெசிதா நண்டுக்கறி வைத்திருந்தாள். அக்கா வீட்டுக்கு ஒரு சட்டி கொடுத்து அனுப்பினோம். மூடியைக்கூடத் திறக்காமல் சட்டி திரும்பி வந்தது. அதையும் நானே சாப்பிட்டேன்.

அத்தான் இப்போது மூன்று மைல் தள்ளி வேறு கரையில் வள்ளம் விடுகிறார். சைவக்காரருடைய கரை. அங்கே அவர்கள் கோயில் தேருக்கும் தீர்த்தத்துக்கும்தான் தொழில் நிறுத்துவார்கள். எந்த நாள் வேண்டுமானாலும் கும்பிடு, வலையை மட்டும் எங்கள் வலைக்கு மேலே போடாதே என்றார்களாம். அவ்வளவு தூரம் எண்ணெய்க் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிய முதல் போகிறார். செவ்வாயும் வியாழனும்தான். மனுசன் இன்னும் திருந்தவில்லை.

இரண்டு கிழமை போக, ஒரு சனி காலை, பஸ் நிற்கிற இடத்தில் அக்காவைக் கண்டேன். நல்ல சீலை உடுத்து, கையில் வேதாகமத்தோடு, அத்தானுக்குப் பக்கத்தில் நின்றார். கோப்பாய்க்குப் போகிறார்கள். அத்தான் மாறிப் பதினைந்து வருடமாகியும் ஞாயிறைவிட்டு அசையாத மனுசி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கோட்டுக்காரனின் கதையைக் கேட்டு உனக்கும் விசர் பிடித்துவிட்டதா, எந்த ராசா எந்த வருடம் நாளை மாற்றினான் என்று உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். கண்டறியாத சனி என்றும் ஏசினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் தன் காயம் மாறாத கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா சத்தம் போடவில்லை.

"எனக்கு ராசாவும் தெரியாது, வருசமும் தெரியாது. சனி சரியோ ஞாயிறு சரியோ, அதுவும் தெரியாது தம்பி. அண்டைக்கு வள்ளத்திலை ஆரின்ரை கை இருந்தது, ஆரின்ரை கை பொக்கற்றுக்குள்ளை இருந்தது எண்டு எனக்குத் தெரியும்."

பஸ் வந்தது. அத்தான் அக்காவைக் கையைப் பிடித்து ஏற்றினார். யன்னலோரமாக இருந்த அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

சின்னத்தங்கம் ஏன் பூசைக்கு வருவதில்லை என்று கோயிலில் இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். அந்தப் பாஸ்டர் மயக்கிவிட்டான், பாவம், படிப்பறிவில்லாத மனுசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் நம்புகிறார்கள்.